தோற்ற அன்றைக்குப் பாயசம்

செவ்வல்குளம் பஸ் ஸ்டாண்டின் டைம் கீப்பர் தளவாய்க்கு மூன்று பதில்களைத் தவிர மற்ற எல்லாச் சொற்களும் போய்விட்டது ஒரு திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு. இதை ஊரில் யாரும் மறுக்கமாட்டார்கள், ஏனென்றால் ஆறு மணி தென்காசி வண்டியை அவர் வழக்கம்போல மைக்கில் முழங்கி அனுப்பிவைத்ததைக் கேட்டவர்கள் நிறையப் பேர். ஆறேகால் ராஜபாளையம் வண்டிக்கு மைக்கை வாயருகே கொண்டுபோனவர் ‘ஆமா’ என்றார். கொஞ்ச நேரம் மைக்கையே உற்றுப் பார்த்துவிட்டு ‘இல்ல’ என்றார். பிறகு ‘அது தேவையில்ல’ என்றார். ராஜபாளையம் வண்டி டிரைவர் இது ஏதோ மேலிடத்துப் புது உத்தரவு என்று நினைத்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் இரண்டு நாள் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று சிவகிரி வண்டி போயிருச்சா என்று கேட்பார்கள், இல்ல என்பார். பத்து நிமிஷத்தில் வந்துருமா என்று கேட்பார்கள், ஆமா என்பார், வந்துவிடும். வழியில் பஞ்சராகி நிற்கும் வண்டியைப் பற்றி டெப்போவுக்கே தகவல் வராதபோது இவருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்று மூன்றாம் நாள் ஒரு கண்டக்டர்தான் முதலில் முகத்தைச் சுளித்தார். நான்காம் நாள் எலுமிச்சை மண்டியில் கூடை தூக்கும் ஒரு பெண், வண்டி நேரம் கேட்க வந்தவள் போல வந்து, குரலைத் தாழ்த்தி, என் கம்மல் வீட்டுக்குள்ளேயேதான் கிடக்கிறதா என்று கேட்டாள். ஆமா. அடுப்படியிலா? இல்ல. அரிசிப் பானையிலா? ஆமா. அவள் போய்க் கையை விட்டு எடுத்துவிட்டாள், அன்று மத்தியானத்திலிருந்து செவ்வல்குளத்தில் பஸ் ஏறுவதற்காகப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை குறைந்துபோயிற்று.

இப்படி ஒன்று நடந்தால் மற்ற ஊர்கள் என்ன செய்யுமோ, எங்கள் ஊர் கயிறு கட்டியது. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, அதற்கு ஒரு டோக்கன், டோக்கன் அடித்துக் கொடுப்பது பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் குத்தாலிங்கம், அதாவது நான். மண்டிக்காரர்கள் ஒரு ஃபேன் மாட்டிக் கொடுத்தார்கள். அவர்களே ஒருநாள் கூடி வந்து நாளைக்குப் பழம் விலை ஏறுமா என்று கேட்க, ஆமா என்று அவர் சொல்ல, ஏறட்டும் என்று ஒருவரும் கூடையை அவிழ்க்கவில்லை, மறுநாளும் அதே கேள்வி, அதே ஆமா, நாலாம் நாள் அவர் சொன்னபடி விலை கூரையைத் தொட்டது, விற்பதற்குத்தான் யாரிடமும் அழுகாத பழம் இல்லை. அதற்காக அவரை ஒருவரும் கோபிக்கவில்லை. கேட்ட விதம் தப்பு என்றார்கள்.

எல்லாவற்றையும் விட ஊரை உலுக்கியது மூன்றாவது பதில்தான். ஆமா என்றால் ஒரு முடிவுக்கு வரலாம், இல்ல என்றாலும் வரலாம். எங்க அண்ணன்தான் எனக்குச் செய்வினை வச்சானா என்று கேட்ட ஒரு பலசரக்குக் கடைக்காரருக்கு ‘அது தேவையில்ல’ என்று பதில் வந்தது, அந்த மனிதர் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார். பிறகு சந்தேகம் மெல்ல மெல்ல ஊருக்குள் இறங்கியது, கிணற்றுக்குள் வாளி இறங்குவது மாதிரி, சத்தமே இல்லாமல். மனைவி வரிசையில் நிற்பதைப் பார்த்த புருஷன் கடையை அடைத்துவிட்டு வந்து இரண்டு ஆள் பின்னால் நின்றான். மருமகள் டோக்கன் வாங்கினால் மாமியாரும் வாங்கினாள். நீ என்ன கேட்டே என்று யாரும் யாரையும் கேட்பதில்லை, ஆனால் நீ ஏதோ கேட்டிருக்கே என்கிற பார்வை ஒன்று எல்லார் கண்ணிலும் வந்து ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் பேச்சு செத்துப்போயிற்று. வீடுகளில் மனிதர்கள் ஒருவரையொருவர் ஆமா, இல்லவுக்குள் மடக்கிப் பேசத் தொடங்கினார்கள்.

ஊரில் மற்ற எல்லாருக்கும் ஆளுக்கொரு பயம் இருந்ததென்றால் எனக்கு ஒன்றரைப் பயம் இருந்தது. தளவாயின் சொற்கள் எங்கே போயின என்று யாரும் ஆராயவில்லை, எனக்கும் என் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் தையல்காரர் மைதீன் பிச்சைக்கும் மட்டும் ஆராயத் தேவையே இல்லாமல் தெரியும். அந்த மூன்று பதில்களும் எங்கள் ஆட்டத்தின் பதில்கள்.

நாலு வருஷமாக நாங்கள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு டைம் கீப்பர் அறைக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் பெஞ்சில் கூடுவோம். தளவாய் ஒரு புதிர் போடுவார். விசித்திரமான ஒரு நிலைமையை இரண்டு வரியில் சொல்லி ஏன் என்று நிறுத்துவார். நாங்கள் கேள்வி கேட்போம். அவர் ஆமா, இல்ல, அது தேவையில்ல என்ற மூன்றில் ஒன்றைத்தான் சொல்லலாம். மடக்கி மடக்கிக் கேட்டு உள்ளே இருக்கும் கதையைக் கண்டுபிடிக்க வேண்டும். கட்டுப்பாடுகள் மூன்று வைத்திருந்தோம். முடியாத புதிரை வெளியே சொல்லக் கூடாது. விடை தெரிந்தவன் புதிரை முதலிலிருந்து உரக்கச் சொல்லி அப்புறம்தான் விடையைச் சொல்ல வேண்டும். முடியும்வரை ஒருவரும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கக் கூடாது. இதுபோக, எழுதாத ஒரு கர்வம் எங்களுக்கு இருந்தது. சாமானியமான கேள்வி கேட்பது எங்களுக்கு அவமானம். எதற்கும் பின்னால் ஒன்று இருக்கும், அதற்கும் பின்னால் ஒன்று இருக்கும் என்று தேடி, கண்முன்னால் இருப்பதைத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் நாங்கள்.

நாலு வருஷமும் ஜெயித்தது நான்தான். செவ்வல்குளத்தில் எனக்கு மூளைக்காரர் என்று பட்டம். வரன் பார்க்கிறவர்கள்கூட என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். உண்மை என்னவென்றால், தளவாய் தன் புதிர்களையெல்லாம் ஒரு தடித்த நோட்டில் விடையோடு எழுதி வைத்திருந்தார், அவருடைய அறை ஒழுகி நோட்டு நனையவே என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுவந்தார், அதைப் பார்த்து இது என்ன வேய் என்று நான் கேட்டதில்தான் எங்கள் ஆட்டமே தொடங்கியது. அவருக்கு ஒரு நகல் கொடுத்தேன். எனக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். இதைச் சொல்வதற்கு இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் கெட்டிக்காரத்தனமாகத்தான் திருடினேன். உடனே விடையைச் சொல்லமாட்டேன், பத்துக் கேள்வி கேட்டு, நெற்றியைத் தடவி, கண்ணை மூடி, அப்புறம் சொல்வேன். தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை உதைத்தது. நாலாவது புதிர். ஒரு பெண் தினமும் காலையில் பஸ் ஏறி டிக்கெட் எடுக்கிறாள், பஸ் கிளம்புமுன் இறங்கிப் போய்விடுகிறாள், ஏன்? நோட்டில் போட்டிருந்தபடியே ‘கிணத்துல தண்ணி இல்ல, அதான்’ என்று சொன்னேன். அந்த விடை எனக்கே விளங்கவில்லை, மைதீன் பிச்சைக்கு அன்றைக்கு முழுக்க விளங்கவில்லை. ஆனால் தளவாய் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு ஆமா என்றார், அவரே ஆமா என்ற பிறகு எனக்கென்ன.

சொற்கள் போன அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள் நடந்தது இது. தளவாய் ஒரு தூக்குவாளியில் பாயசம் கொண்டுவந்திருந்தார். சேமியாப் பாயசம், முந்திரி தாராளமாகப் போட்டது. ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, வாயெல்லாம் சிரிப்பாக, இன்னைக்குப் புதுசு ஒண்ணு, நோட்டுலகூட இல்லாதது என்று சொல்லிப் புதிரைப் போட்டார். ஒரு ஆள் தினமும் ஜெயிக்கிறான். ஒருநாள் தோற்றுப்போகிறான். தோற்ற அன்றைக்குத்தான் அவன் வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். ஏன்?

என் நகலில் அது இல்லை. தினமும் ஜெயிக்கிறவன் யார்? இந்த மனிதருக்குத் தெரிந்துவிட்டது, எனக்கென்றே ஜோடித்துக்கொண்டு வந்திருக்கிறார், பாயசம் கொடுத்து உட்கார வைத்துச் சிரிக்கிறார். மைதீன் பிச்சை மெதுவாக, அவர் எப்போதும் மெதுவாகத்தான் கேட்பார், அது சூதாட்டமா என்றார். இல்ல. தோத்ததுல அவனுக்கு வருத்தமா என்றார். இல்ல. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை நாள் அவன் நேர்மையாத்தான் ஜெயிச்சானா என்றார். தளவாய் சிரித்தபடி என் பக்கம் திரும்பி, ‘அது தேவையில்ல’ என்றார். நான் எழுந்துவிட்டேன். கடையில் வேலை கிடக்கிறது, இந்தச் சிறுபிள்ளை ஆட்டமெல்லாம் எனக்கு வேண்டாம் என்று ஏதோ சொல்லிவிட்டு நடந்தேன். முடியாத புதிரை விட்டு ஒருவர் எழுந்து போனது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் தளவாயிடம் அந்த மூன்று பதில்கள் மட்டும் மிஞ்சியிருந்தன.

அவர் என் ஜன்னலுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு டோக்கனை எனக்கே நான் கொடுத்துக்கொண்டு, அந்தப் புதிர் என்னைப் பற்றியதா என்று கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. சந்தேகப்படுகிறவனுக்கு அவன் சந்தேகம் ஒரு சொத்து, அதைக் கொண்டுபோய் ஓர் ஆமாவில் தொலைக்க அவனுக்கு மனசு வராது. மைதீன் பிச்சை தினமும் ஒரு டோக்கன் வாங்கினார். தினமும் ஒரு கேள்வி, பதிலைத் துணிக்குக் குறி போடும் சாக்குக்கட்டியால் மேல்மாடிச் சுவரில் எழுதி வைத்தார். எங்கள் கர்வம் அவரையும் விடவில்லை. அந்த ஆள் இரட்டைப் பிள்ளையா என்று கேட்டார், பாயசத்தில் விஷமா என்று கேட்டார், அவன் வீடு கப்பலா என்று கேட்டார். ஒவ்வொரு ‘இல்ல’வுக்கும் எனக்கு உயிர் வந்தது, ஒவ்வொரு டோக்கனுக்கும் போனது. அவர் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். நானும் மாடிப்படி ஏறவில்லை.

நாற்பதாவது நாள் தளவாயின் மனைவி ஆவுடை மதினி என் கடைக்கு வந்தார். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து, வீட்டு நடை தாண்டமாட்டேன் என்று படுத்துவிட்டவர். கொஞ்ச காலமாகக் கம்பு ஊன்றி வெளியே வருவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். டோக்கன் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்துக் கையை நீட்டினேன். டோக்கன் வேண்டாம் என்று தலையசைத்தார்.

“அண்ணாச்சி, அன்னைக்குக் காலைல போயிட்டு வாரேன் ஆவுடைன்னு சொன்னதுதான், அதுக்குப் பெறகு எம்பேரு அவுக வாய்ல இருந்து வரல. நாப்பது நாளாச்சு. நேத்து அவுககிட்டக் கேட்டேன், முந்தின நாளு ஆட்டத்துல எதும் நடந்துச்சான்னு. ஆமாங்காக. என்ன நடந்துச்சு?”

ஒன்றும் நடக்கவில்லை மதினி என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு, ஒரு நாளைக்கு நானூறு பேர் கேள்வி கேட்கிறார்கள், நானூறு பேரில் ஒருவருக்காவது அவர் சாப்பிட்டாரா என்று கேட்கத் தோன்றியதா என்று என்னிடம் கேட்டார். பசிக்கிறது என்று சொல்ல அவரிடம் சொல் கிடையாது, யாராவது கேட்டால்தான் ஆமா என்று சொல்ல முடியும். வரிசை முடிய மூன்று மணி ஆகிறது, கொண்டுவந்த சோறு விறைத்துப்போகிறது, தொண்டை புண்ணாகி ராத்திரிக் கஞ்சி இறங்கவில்லை. இதையெல்லாம் அழாமல் சொன்னார். அவர் போன பிறகு எதிர் ஜன்னலைப் பார்த்தேன், நாற்பது நாளும் பார்த்ததுதான், ஆனால் அன்றைக்குத்தான் தளவாயின் சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றி வளையமாக நிற்பது தெரிந்தது. என் நண்பன் என் கண்முன்னால் உருகிக்கொண்டிருந்தான், நான் டோக்கன் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்படியும் வாயைத் திறக்கவில்லை. மூளைக்காரர் என்ற பட்டம் அவ்வளவு ருசி.

நாற்பத்தொன்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் மைதீன் பிச்சை கடைசியில் ஒரு நேரான கேள்வியைக் கேட்டிருந்தார், அந்த ஆளை எனக்குத் தெரியுமா என்று. ஆமா என்று பதில் வந்திருந்தது, எனக்கு ராத்திரி உறக்கம் இல்லை. பிற்பகல் மூன்று மணி, வரிசை கயிறு தாண்டி நின்றது, ஆவுடை மதினி சோற்றுத் தூக்கோடு ஜன்னலுக்குப் பக்கத்தில் காத்திருந்தார். மைதீன் பிச்சை கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

“அந்த ஆளு இப்ப இந்த பஸ் ஸ்டாண்டுக்குள்ள இருக்கானா?”

“ஆமா” என்றார் தளவாய்.

வரிசை முழுக்கத் திரும்பியது. எந்த ஆள், என்ன செய்தவன் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் நாற்பத்தொன்பது நாள் பழகிய கண்கள் அல்லவா, ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள், சிலர் தங்கள் காலடியைப் பார்த்தார்கள். மைதீன் பிச்சை மட்டும் நேராக என்னைப் பார்த்தார். இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடையை விட்டு இறங்கி, கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போய், ஜன்னல் முன்னால் நின்றேன். கட்டுப்பாடு கட்டுப்பாடுதான், புதிரை முதலிலிருந்து உரக்கச் சொன்னேன். ஒரு ஆளு தெனமும் ஜெயிக்கான், ஒருநாள் தோத்துப்போறான், தோத்த அன்னைக்குத்தான் அவன் வீட்டுல பாயாசம். பஸ் ஸ்டாண்டு முழுவதும் அதைக் கேட்டது.

பிறகு விடையைச் சொன்னேன். அந்த ஆள் நான். தளவாயின் நோட்டைத் திருட்டு நகல் எடுத்து வைத்துக்கொண்டு நாலு வருஷம் ஜெயித்தேன். ஒரு புதிரைக்கூட என் மூளையால் அவிழ்த்ததில்லை. நோட்டில் இல்லாத புதிரைப் போட்டதும் தோற்றேன், தோற்றதை ஒத்துக்கொள்ளாமல் எழுந்து ஓடினேன், அதனால்தான் இந்த மனிதர் இப்படி ஆனார். என் தோல்வியைக் கொண்டாடத்தான் அவர் பாயசம் கொண்டுவந்தார், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. சொல்லி முடித்தபோது மண்டிக்காரர் ஒருவர் தூவென்று துப்பினார், அது என்னை நோக்கித்தானா என்று நான் பார்க்கவில்லை. தளவாயின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“இல்ல” என்றார்.

அப்போது ஆவுடை மதினி, என்ன சொன்னீர்கள், அந்தப் புதிரை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“கூறுகெட்ட ஆம்பளைகளா, அது இவுகதான. இடுப்புல கம்பி வச்ச பெறகு டாக்டர் நடக்கச் சொன்னாரு, நான் மாட்டேன்னு கெடந்தேன். அதுக்காவ இவுக ஒரு போட்டி வச்சாக. விடிஞ்சதும் வீட்டுல இருந்து தெருமுக்குத் தண்ணித்தொட்டி வரைக்கும், யாரு மொதல்ல தொடுதான்னு. ரெண்டு வருசமா தெனமும் இவுகதான் ஜெயிச்சாக, ஒருநாளும் எனக்கு விட்டுக்குடுக்கல. அந்த ஞாயித்துக்கெழமதான் நான் கம்பத் தூரப் போட்டுட்டு நடந்து இவுகளுக்கு முந்தித் தொட்டியத் தொட்டேன். அதுக்குத்தான் பாயாசம். ஒங்களுக்கும்தான குடுத்து விட்டேன், குடிச்சீகள்லா?”

அப்போதுதான் நாங்கள் பார்த்தோம். அவர் கையில் சோற்றுத் தூக்கு இருந்தது, கம்பு இல்லை. நாற்பதாவது நாள் என் கடைக்கு வந்தபோதும் இருக்கவில்லை.

“ஆமா” என்றார் தளவாய். அதோடு நிற்காமல் அவர் தொண்டை என்னவோ செய்தது, அடைத்த குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். “ஆவுடை” என்றார். “ஆவுடை, பசிக்கி.”

கூட்டம் கலைய நெடுநேரம் ஆனது. டோக்கன் வாங்கியவர்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். மறுநாளிலிருந்து அவர் பழையபடி மைக்கில் முழு வாக்கியமாக வண்டி நேரம் சொல்கிறார், மூன்று பதிலை அப்படி நம்பிய ஊர் இப்போது அவர் சொல்லும் நேரத்தைக் கண்டக்டரிடம் ஒரு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொள்கிறது. என்னிடம் வரன் விசாரிக்க யாரும் வருவதில்லை. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் எத்தனை தாள் வெளியே வருகிறது என்று எட்டிப் பார்த்து எண்ணிக்கொள்கிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நான் அந்தப் பெஞ்சுக்குப் போவதா வேண்டாமா என்று அரைமணி நேரம் கடைக்குள் நின்றேன். பிறகு என் நகலை எடுத்துக்கொண்டு போனேன். மைதீன் பிச்சை இருந்தார், ஆவுடை மதினியும் இருந்தார், தளவாய் நடுவில். நகலை அவர் மடியில் வைத்தேன். அவர் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே வந்து, நாலாவது புதிரில் நிறுத்தினார்.

“இந்தப் பொம்பள புருசனுக்குச் சோத்துத் தூக்க பஸ்ல ஏத்தி, அதுக்கு ஒரு டிக்கெட்டும் எடுத்துக் குடுத்துட்டு எறங்கிப் போறா வேய். கிணத்துல தண்ணி இல்லங்கது அடுத்த புதிரோட விடை. எழுதும்போது நான்தான் மாத்தி எழுதிட்டேன். நீரு வந்து அந்தத் தப்ப அப்படியே ஒப்பிச்சீரு. அஞ்சாவது புதிர நான் இன்னைவரைக்கும் போடவே இல்ல, கவனிச்சீரா?”

நாலாவது ஞாயிற்றுக்கிழமையிலேயே அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நாலு வருஷம், வாரா வாரம், நான் நெற்றியைத் தடவிக் கண்ணை மூடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“பெறகு ஏன் வேய் அன்னைக்கு ஆமான்னீரு?”

தளவாய் நகலை மூடினார்.

“இல்லன்னு சொன்னா எந்திரிச்சுப் போயிருவீரோன்னு பயந்தேன்” என்றார்.

ஆவுடை மதினி பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். தளவாய் தொண்டையைச் செருமிக்கொண்டு நோட்டில் இல்லாத ஒரு புதுப் புதிரைச் சொல்ல ஆரம்பித்தார், அதன் விடை எனக்குத் தெரியாது, நான் உட்கார்ந்தேன்.